கிறிஸ்தவ ஆலோசனையில் பட்டம்: சேரும் முன் அறிய வேண்டியவை

கிறிஸ்தவ ஆலோசனைப் பட்டம் என்ற ஒரே பெயரில் சென்னையில் மூன்று வகைப் படிப்புகள் நடக்கின்றன. முதலாவது, இறையியல் கல்லூரி தரும் பட்டம். ஆயர்பணியின் ஒரு பிரிவாக அங்கே ஆலோசனை கற்பிக்கப்படுகிறது. இரண்டாவது, பல்கலைக்கழகம் தரும் உளவியல் அல்லது சமூகப்பணிப் பட்டம். அதை நடத்துவது கிறிஸ்தவக் கல்லூரியாக இருக்கலாம், ஆனால் பாடத்திட்டத்தில் வேதாகமம் இருக்காது. மூன்றாவது, எந்தச் சட்டத்தின் கீழும் வராத நிறுவனங்கள் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழ். சுவரொட்டியிலும் வாட்ஸ்ஆப்பிலும் அதிகம் கண்ணில் படுவது இந்த மூன்றாவது வகைதான்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தப் படிப்பைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பதினெட்டு வயது மாணவர்கள் அல்ல. ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலோ ராணுவ உடைத் தொழிற்சாலையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்று, அயப்பாக்கத்திலும் பட்டாபிராமிலும் சிறு சபை நடத்துகிறவர்கள், பள்ளி ஆசிரியைகள், செவிலியர்கள், ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்கள், போதகர்களின் மனைவிமார் ஆகியோரே அதிகம். சி.எஸ்.ஐ. சபையில் ஐயரம்மா என்றும் பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டரம்மா என்றும் அழைக்கப்படும் பெண்ணிடம்தான் சபைப் பெண்கள் முதலில் மனம் திறக்கிறார்கள். கணவனின் குடி, மாமியார் பிரச்சினை, குழு லோன் தவணை, பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் அழுகை எல்லாம் அவர் காதுக்கே முதலில் வருகின்றன. அவருக்கோ ஒரு நாள் பயிற்சிகூடக் கிடைத்திருக்காது. கணவர் இறையியல் கல்லூரிக்குப் போயிருப்பார். இந்தத் துறையில் படிக்க யாரையேனும் அனுப்பச் சபைக்குப் பணம் இருந்தால், முதலில் அனுப்ப வேண்டியவர் இவர்தான்.

எந்தப் படிப்பில் சேர்வது என்பதை முடிவுசெய்வது கல்லூரியின் பெயரல்ல, படித்தபின் செய்யப்போகும் வேலை. சபைக்குள் ஆயராகவோ, மருத்துவமனைச் சாப்ளினாகவோ, ஊழிய அமைப்பில் ஆலோசகராகவோ பணிசெய்ய இறையியல் வழி பொருந்தும். பள்ளியிலோ மருத்துவமனையிலோ அரசுத் திட்டத்திலோ சம்பளத்துக்கு ஆலோசகராகச் சேர வேண்டுமானால் பல்கலைக்கழகப் பட்டம் தேவை. இரண்டும் வேண்டும் என்பவர் பல்கலைக்கழகப் பட்டத்தை முதலிலும் இறையியல் பயிற்சியை அடுத்தும் வைத்துக்கொள்வது நல்லது. வரிசையை மாற்றினால், நாற்பது வயதில் முதுகலை உளவியலுக்கு விண்ணப்பிக்கும்போது இறையியல் பட்டத்தை இளங்கலைக்குச் சமமாக ஏற்பார்களா என்று ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் கேட்டுக்கொண்டு நிற்க நேரும்.

துறை வளர்ந்த வழி

பாடத்திட்டத்தைப் புரிந்துகொள்ள இந்தத் துறையின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் கடுமையான மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் இருந்து மீண்டவர். 1925-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்கள் சிலரை அழைத்துச்சென்று, நோயாளிகளோடு பழகவைத்துப் பயிற்சி கொடுத்தார். நூலகத்தில் இருக்கும் நூல்களைப் போலவே துன்பப்படும் மனிதரையும் படித்தறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று மருத்துவமனைகளில் தரப்படும் ஆயர்பணிப் பயிற்சி அங்கிருந்து வளர்ந்தது. ஹோவர்ட் கிளைன்பெல் 1966-இல் எழுதிய பாடநூல் அதை உலகெங்கும் இறையியல் கல்லூரிகளுக்குக் கொண்டுபோனது.

இதற்கு நேர் எதிராக 1970-இல் ஜே ஆடம்ஸ், மனிதரின் பெரும்பாலான உளச்சிக்கல்களுக்குப் பாவமே வேர், வேதாகமமே போதுமான மருந்து, உளவியலிடம் கைநீட்டத் தேவையில்லை என்று எழுதினார். லாரி கிராப், கேரி காலின்ஸ் போன்றோர் இரண்டுக்கும் நடுவே நின்று, உளவியலிலிருந்து ஏற்கத்தக்கதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்த மூன்று போக்குகளும் சென்னையில் உண்டு. அமெரிக்க ஊழியங்களின் உதவியோடு நடக்கும் குறுகியகாலப் படிப்புகளில் ஆடம்ஸின் போக்கு மேலோங்கியிருக்கிறது. சேருமுன் பாடநூல் பட்டியலைக் கேட்டு வாங்கினாலே கல்லூரி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மனச்சிதைவையும் இருதுருவ நோயையும் பாவம் அல்லது பிசாசு என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிடும் பாடத்திட்டம் ஆபத்தானது. அதைப் படித்தவர் மாத்திரையை நிறுத்தச் சொல்வார். நோயாளி அதற்கு விலைகொடுப்பார்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வேலூர்தான் தாய்வீடு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்தது. மனநோயாளியைத் தனியே அடைத்துவைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. வேலூரில் மருத்துவப்பணி செய்த ஆங்கிலேயர் ஃபிராங்க் லேக் பின்னர் மனநல மருத்துவராகி, இறையியலையும் உளமருத்துவத்தையும் இணைத்து 1966-இல் ஒரு பெருநூல் எழுதினார். 1970-களில் பி. ஜே. பிரசாந்தம் வேலூரிலுள்ள கிறிஸ்தவ ஆலோசனை மையத்தின் வழியே இந்தியச் சூழலுக்கான பயிற்சியை உருவாக்கினார். அவர் தொகுத்த இந்திய ஆலோசனை நிகழ்வுகளின் நூல் மாணவர்களுக்கு இன்றும் பயன்படும். காரணம், அமெரிக்கப் பாடநூலில் வருகிறவர் தனியாக வந்து தனியாக முடிவெடுப்பவர். இங்கே வருகிறவரோடு மாமனாரும் நாத்தனாரும் சீட்டு பிடிக்கும் அத்தையும் சேர்ந்தே வருவார்கள்.

எது செல்லும், எது செல்லாது

1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு (யு.ஜி.சி.) சட்டம், 22-ஆம் பிரிவு: மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். மீறினால் 24-ஆம் பிரிவின்படி தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம். போலிப் பட்ட வியாபாரம் ஏன் அஞ்சாமல் நடக்கிறது என்பதற்கு இந்தத் தொகையே போதிய விளக்கம்.

இறையியலில் இந்தியாவின் மூத்த அமைப்பு செராம்பூர். 1818-இல் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் கல்கத்தா அருகே தொடங்கிய கல்லூரிக்கு 1827-இல் டென்மார்க் மன்னரின் சாசனம் பட்டமளிக்கும் உரிமையைத் தந்தது. 1918-இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டம் அந்த உரிமையை உறுதிப்படுத்தியது. அந்த உரிமையைச் செயல்படுத்தும் செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரிகள் தரும் பி.டி. (இளங்கலை இறையியல்), எம்.டி.ஹெச். (முதுகலை இறையியல்) பட்டங்கள் சி.எஸ்.ஐ., லுத்தரன் முதலிய சபைகளில் குருப்பட்டத்துக்கு அடிப்படையாகின்றன.

ஆசிய இறையியல் சங்கம் எனப்படும் ஏ.டி.ஏ. 1970-இல் தொடங்கியது. சுவிசேஷ வழி இறையியல் கல்லூரிகள் பலவும் இதன் தரச்சான்றைப் பெற்றவை. இந்தச் சான்று, கல்லூரி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று பிற இறையியல் கல்லூரிகள் தரும் உத்தரவாதம். மேற்கொண்டு இறையியல் படிக்க அது கைகொடுக்கும். அரசுப் பணிக்கோ பல்கலைக்கழகச் சேர்க்கைக்கோ அது போதாது. இந்த வேறுபாட்டைச் சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிடும் கல்லூரியும் உண்டு. கேட்டால் மட்டும் சொல்லும் கல்லூரியும் உண்டு.

இணையவழி அமெரிக்கப் பட்டம் எடுப்பவர்கள் அந்நாட்டில் அந்தக் கல்லூரிக்கு யார் அங்கீகாரம் தந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்க முகவரி இருப்பதாலேயே ஒரு பட்டம் செல்லுபடியாகிவிடாது. மதநிறுவனம் என்ற விலக்கைப் பயன்படுத்தி, எந்த அங்கீகாரமும் பெறாமல் பட்டம் தரும் அமைப்புகள் அங்கே ஏராளம். அவற்றின் கிளைகள் நம் ஊர்த் திருமண மண்டபத்தில் பட்டமளிப்பு விழா நடத்தி, அங்கியும் தொப்பியும் அணிவித்து, கௌரவ டாக்டர் பட்டம் தருகின்றன. மறுவாரமே அது பெயர்ப்பலகையில் ஏறிவிடும். ஆலோசனைக்கு வருகிறவர் அந்த டாக்டரை மருத்துவர் என்று நம்பிவிட்டால் யார் பொறுப்பு?

உளவியல் வழியில் அண்மையில் வந்த மாற்றம் பெரியது. 2021-ஆம் ஆண்டின் தேசியத் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழிற்பணிகள் ஆணையச் சட்டம், உளவியலாளர், நடத்தைநல ஆலோசகர் போன்ற பணிகளைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதையொட்டி, 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளுக்குத் தொலைநிலையிலும் இணையவழியிலும் புதிதாகச் சேர்க்கை நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே தபால்வழியில் எம்.எஸ்சி. உளவியல் முடிக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. இன்னும் யாராவது தபால்வழி உளவியலுக்குச் சேர்க்கை நடப்பதாகச் சொன்னால், யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பட்டியலில் அந்த ஆண்டுக்கான அனுமதியைச் சரிபார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயரைப் பயன்படுத்த, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். எம்.எஸ்சி. ஆலோசனை உளவியல் முடித்தவரும் பி.டி. முடித்தவரும் அந்தப் பெயரைப் பலகையில் எழுத முடியாது.

மேற்குப் புறநகரிலிருந்து எட்டும் கல்லூரிகள்

இந்த வட்டாரத்துக்குள்ளேயே இருக்கும் பழைய இறையியல் நிறுவனம் பூந்தமல்லியிலுள்ள திரு இருதயக் குருத்துவக் கல்லூரி. ஆனால் அது கத்தோலிக்கக் குருமாணவர்களை உருவாக்கும் இடம். பொதுவானவர்கள் பட்டத்துக்குச் சேரும் கல்லூரியாக அதை எண்ணக் கூடாது. மற்றவை எல்லாம் பயணத்தூரத்தில் இருக்கின்றன.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் நேரே கீழ்ப்பாக்கம். லுத்தரன் சபையின் குருகுல் இறையியல் கல்லூரி அங்கே செராம்பூர் செனட்டோடு இணைந்து இயங்குகிறது. 1952-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் பைபிள் இன்ஸ்டிடியூட்டும் கீழ்ப்பாக்கத்தில்தான், மேடவாக்கம் டேங்க் ரோட்டில். அதே சாலையில் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. 1794-இல் வேர்விட்ட அந்த மருத்துவமனைக்கும் இறையியல் வகுப்பறைகளுக்கும் நடந்துபோகும் தூரம்தான்.

செனட்டின் பி.டி. படிப்பு பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டுகள். பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படிப்பது. அதில் ஆலோசனை சில தாள்களாக மட்டுமே வரும். அதையே சிறப்புப் பாடமாக எடுக்க இரண்டு ஆண்டு எம்.டி.ஹெச். இருக்கிறது. 1910-இல் தொடங்கிய பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி ஆயர்பணி ஆலோசனைக்குப் பெயர்பெற்றது. பெங்களூரு கொத்தனூரிலுள்ள சயாக்ஸ் நிறுவனமும் ஆயர்பணி இறையியலும் ஆலோசனையும் சேர்ந்த முதுகலைப் பிரிவை நடத்துகிறது. இரண்டிலும் பாடமொழி ஆங்கிலம். தமிழில் எழுதிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மதுரை அரசரடியில் 1969-இல் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியே சரியான இடம். வேலையை விட முடியாதவர்கள் செராம்பூர் செனட்டின் வெளிவாரிப் பட்டமான பி.சி.எஸ்., பெங்களூருவிலிருந்து இயங்கும் டாஃப்டீ என்ற தொலைநிலை இறையியல் அமைப்பின் படிப்புகள் ஆகியவற்றை விசாரிக்கலாம். இவை விசுவாசிகளுக்கு நல்ல அடித்தளம் தரும். ஆலோசகர் என்ற தொழில்தகுதியை இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

உளவியல் வழிக்குச் சென்னை வசதியான ஊர். நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தை ஒட்டிய லயோலா கல்லூரியில் ஆலோசனை உளவியலில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. 1952-இல் தொடங்கிய எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் சமூகப்பணிக்கும் ஆலோசனை உளவியலுக்கும் பேர்போனது. பெண்களுக்கு, 1915-இல் அமைந்த நுங்கம்பாக்கம் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியின் உளவியல் துறை நீண்டகாலமாக நடந்துவருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைகளோடு கிறிஸ்தவ ஆய்வுகளுக்கென்றும் தனித்துறை உண்டு. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பார்க் நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்தால் எழும்பூரும் பிறகு நுங்கம்பாக்கமும் வந்துவிடும். காலை எட்டு மணி அரக்கோணம் வண்டியின் நெரிசலைத் தாங்கும் உடம்பு வேண்டும், அவ்வளவுதான்.

கத்தோலிக்கருக்கு, திண்டுக்கல் அருகே நொச்சியோடைப்பட்டியில் கப்புச்சின் துறவிகள் நடத்தும் அனுகிரகா நிறுவனம், ஆற்றுப்படுத்துதல் எனப்படும் ஆலோசனைப் பயிற்சிக்குத் தனியிடம் பெற்றது.

வேலூர் கிறிஸ்தவ ஆலோசனை மையத்தின் பயிற்சிகளுக்குப் போகிறவர்கள் பெரம்பூரில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்குகிறார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பூந்தமல்லிக்காரர்களுக்கு பெங்களூரு நெடுஞ்சாலை பஸ்ஸே எளிது. மொத்தத்தில், இந்த வட்டாரத்தில் வசிக்கும் பட்டதாரி ஒருவருக்கு மிகவும் பயன்தரக்கூடிய சேர்க்கை இதுதான்: நகரக் கல்லூரி ஒன்றில் நேரில் படிக்கும் முதுகலை உளவியல் அல்லது சமூகப்பணி, அதன்பின் வேலூரிலோ வேறொரு மருத்துவமனையிலோ கண்காணிப்போடு ஆயர்பணிப் பயிற்சி.

பயிற்சியின் உயிர்நாடி

ஆலோசனையை நூலில் படிக்கலாம்; ஆலோசகர் உருவாவது கண்காணிப்பில்தான். மருத்துவமனைப் பயிற்சியில் மாணவர் ஒரு நோயாளியைச் சந்தித்துவிட்டு வந்து, நடந்த பேச்சை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி ஒப்படைக்க வேண்டும். இதற்கு வெர்பாட்டிம் என்று பெயர். உட்கார்ந்த இடம், முகபாவம், இடையில் விழுந்த மௌனம் எல்லாவற்றையும் அதில் குறிக்க வேண்டும். மாதிரிக்கு, திருமுல்லைவாயலிலிருந்து வந்து கருப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஐம்பது வயதுப் பெண்ணை இளம் மாணவர் ஒருவர் சந்திப்பதாகக் கொள்ளலாம்.

நோயாளி: ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு டாக்டர் சொல்றாரு தம்பி. ஆனா ராத்திரி கண்ணே மூட மாட்டேங்குது.

மாணவர்: பயப்படாதீங்கம்மா, கர்த்தர் பார்த்துக்குவார். தைரியமா இருங்க.

நோயாளி: அது தெரியும்… (ஜன்னல் பக்கம் திரும்புகிறார்.) வீட்டுல அவரு தனியா இருக்காரு.

மாணவர்: ஜெபம் பண்ணலாமாம்மா?

நோயாளி: பண்ணுங்க தம்பி.

மேற்பார்வையாளர் இந்தத் தாளில் மூன்று இடங்களில் கோடு போடுவார். தூக்கமின்மை பற்றிய பேச்சு காதில் விழுந்ததுமே மாணவர் ஆறுதலுக்குத் தாவிவிட்டார். ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்கவில்லை. முகத்தைத் திருப்பியபடி நோயாளி சொன்ன வாக்கியம்தான் அந்தச் சந்திப்பின் கதவு. தனியாக இருக்கும் கணவர் குடிப்பவரா, நோயாளியா, அடிப்பவரா என்பது எதுவும் வெளிவரவில்லை. மூன்றாவது இடத்தில் எழும் கேள்விதான் மாணவரை உலுக்கும்: அந்த ஜெபம் யாருக்குத் தேவைப்பட்டது, நோயாளிக்கா, என்ன பேசுவதென்று தெரியாமல் தவித்த மாணவருக்கா? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தபின் வந்தது வினை. இறையியல் மாணவருக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை.

ஜெபம் தவறென்று எந்தப் பயிற்சியும் சொல்வதில்லை. கேட்டு முடித்தபின் வரும் ஜெபத்தில் அந்தக் கணவரின் பெயர் இருக்கும். தூக்கமில்லாத இரவு இருக்கும். கேட்காமல் வரும் ஜெபம் எந்த நோயாளிக்கும் பொருந்துவதாக இருக்கும்.

பயிற்சி பெற இந்த வட்டாரத்திலும் நகரின் பிற பகுதிகளிலும் நல்ல இடங்கள் உண்டு. மனச்சிதைவு நோயாளிகளுக்காகச் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அண்ணாநகர் மேற்கு விரிவில் இருக்கிறது. வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 1993-இல் தொடங்கிய பேனியன் முகப்பேரிலிருந்து வளர்ந்தது. குடிநோய்க்கு 1980-இல் அமைந்த டி.டி.கே. மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. இந்த வட்டாரச் சபைகளில் வரும் பிரச்சினைகளில் குடிக்கு உள்ள இடத்தை நினைத்தால் அந்தத் தூரம் பெரிதல்ல. தற்கொலைத் தடுப்புக்கு 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து, தீர்ப்புச் சொல்லாமல் காதுகொடுக்கப் பழக்குகிறது. பிரசங்கம் பண்ணிப் பழகியவர்களுக்கு இது கடினமான பாடம். அதனாலேயே அவசியமான பாடம்.

சட்டமும் சபையும்

ஆலோசகர் கேட்ட ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதற்கு விலக்கும் உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறையிடமோ சிறார் காவல் பிரிவிடமோ தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. போதகர், மூப்பர், ஞாயிறு பள்ளி ஆசிரியை யாருக்கும் விலக்கில்லை. சபைக்குள் பேசித் தீர்த்துவிட்டோம் என்பது சட்டத்தின் முன் தற்காப்பாகாது. முதல் சந்திப்பிலேயே இந்த வரம்பை வருகிறவரிடம் சொல்லிவிட வேண்டும்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 2017, ஜெபவீடு நடத்துகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய சட்டம். மனநோயாளியைப் பராமரிப்புக்காகத் தங்கவைக்கும் எந்த இடமும் மனநல நிறுவனமாகப் பதிவுபெற வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 95-ஆம் பிரிவு முற்றாகத் தடைசெய்கிறது. 115-ஆம் பிரிவோ, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. ஆகவே, அப்படிப்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி வீட்டிலேயே வைத்து உபவாசம் இருக்கத் தேவையில்லை. அரசின் டெலி மனாஸ் எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் ஆலோசனை அறைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

சட்டத்தைவிடச் சிக்கலானது சபையின் நெருக்கம். நூறு பேர் கூடும் சபையில் ஆலோசனைக்கு வருகிறவரும் ஆலோசகரும் ஒரே தெருவில் இருப்பார்கள், ஒரே கடையில் பால் வாங்குவார்கள், ஒரே காதுகுத்து விழாவில் பந்தியில் உட்காருவார்கள். போதகர் கல்யாணம் செய்துவைத்தவர், காணிக்கை பெறுகிறவர், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் கமிட்டியின் தலைவர். அவரிடமே கணவன் மனைவி சண்டையைச் சொல்ல யாருக்கும் தயக்கம் வரும். பெயரை மாற்றி, கேட்ட கதையைப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொன்னால், பெயர் மாறினாலும் அது யார் கதை என்பது மூன்றாவது பெஞ்சுவரை தெரியும். இதற்கு எளிய மாற்று ஒன்று: பக்கத்துப் பகுதிச் சபைகள் இரண்டு மூன்று சேர்ந்து, ஒரு சபையின் விசுவாசிகளை இன்னொரு சபையின் பயிற்சிபெற்ற ஆலோசகரிடம் அனுப்புவது. கொரட்டூர்க்காரர் பட்டாபிராமுக்குப் போவதில் பெரிய செலவில்லை. மின்சார ரயில் டிக்கெட்தான்.

பெண்களைப் பெண் ஆலோசகரே சந்திப்பது, கண்ணாடி வைத்த கதவு, குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பது, பூட்டிய அலமாரியில் குறிப்பேடு ஆகியவை படிப்பில் கற்றுத்தரப்படும் ஒழுங்குகள். பணத்திலும் ஒழுங்கு வேண்டும். கட்டணம் என்றால் முன்கூட்டிச் சொல்லி ரசீது தர வேண்டும். இலவசம் என்றால் இலவசமாகவே இருக்க வேண்டும். ஆலோசனை முடிந்ததும் காணிக்கைக் கவரை நோக்கிக் கண் போவது இரண்டும் அல்லாத மோசமான வழக்கம்.

வேலையும் சேர்க்கையும்

படித்தபின் கிடைக்கும் வேலையைப் பற்றி மிகை எதிர்பார்ப்பு கூடாது. சபைகளில் முழுநேர ஆலோசகர் பதவி அரிது. பெரிய மருத்துவமனைகளின் சாப்ளின் துறை, கிறிஸ்தவப் பள்ளிகள், முதியோர் இல்லங்கள், குடிமீட்பு மையங்கள், குழந்தைகள் இல்லங்கள் ஆகியவை ஆள் எடுக்கின்றன. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்கின்றன. அங்கே கேட்கப்படுவது உளவியல் சார்ந்த தகுதி. 1984-ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின்கீழும் ஆலோசகர்கள் நியமிக்கப்படுகிறார்கள். இவற்றில் இறையியல் பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்கு வாய்ப்பு குறைவு.

சேர்க்கைக்கு இறையியல் கல்லூரிகள் வழக்கமான சான்றிதழ்களோடு ஞானஸ்நானச் சான்று, சபைப் போதகரின் பரிந்துரைக் கடிதம், அழைப்பைப் பற்றிய சொந்தக் கைப்பட எழுதிய சாட்சி ஆகியவற்றைக் கேட்கும். பரிந்துரைக் கடிதத்தை ஜூன் மாத அவசரத்தில் வாங்காமல் முன்னதாகவே பெற்றுக்கொள்வது நல்லது. மறைமாவட்டமோ பேராயமோ பொறுப்பேற்று அனுப்பினால் கட்டணத்தில் பெரும்பகுதி குறையும். அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் பணிசெய்ய ஒப்பந்தம் இருக்கும், அதைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.

கல்லூரி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டியவை இவை: பட்டம் வழங்குவது எந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த எந்த நிறுவனம், பாடநூல் பட்டியல், மேற்பார்வையாளரின் தகுதி, கண்காணிப்போடு கூடிய நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், அது எந்த மருத்துவமனையில் அல்லது மையத்தில் நடக்கும். கடைசி இரண்டுக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.